பழைய எண், புதிய எண்: உள்ளடுக்கு அகராதிகளின் இணைப்பு குறித்த ஓர் ஆய்வு

பைத்தான் மொழியில் டிக்‌ஷனரி எனப்படும் அகராதியாவது, கீ என்னும் திறவுச்சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பைச் சேர்த்துவைக்கும் ஏற்பாடு. அம்மதிப்பே மற்றோர் அகராதியாயின் அது உள்ளடுக்கு அகராதி எனப்படும். சென்னைக்குள் மயிலாப்பூரும், மயிலாப்பூருக்குள் கச்சேரி சாலையும், அதற்குள் கதவு எண்ணும் அடங்கலின், முகவரி அனைத்தும் இவ்வகையினவே. இத்தகைய இரண்டை இணைக்கப் புகுவோர் நால்வகையினர்.

முதல் வகையினர் அப்டேட் செய்வர்.

இரண்டாம் வகையினர், 2020 அக்டோபரில் வெளிவந்த 3.9ஆம் பதிப்பு அளித்த உரிமையால், இரு அகராதிகளுக்கு நடுவே ஒரு செங்குத்துக்கோட்டை இட்டுவிட்டுக் காபி குடிக்கப் போவர். இவ்விரு முறைகளும் மேலடுக்கை மட்டுமே நோக்குவன. ஆதலின் வலப்பக்க அகராதியில் மயிலாப்பூரின்கீழ் ஒரே ஒரு வீட்டின் திருத்தம் இருப்பினும், இடப்பக்கத்து மயிலாப்பூர் அடியோடு நீங்கி, கபாலீசுவரர் கோயிலும் லஸ் முனையும் நான்கு மாட வீதிகளும் மறைந்து, அவ்வொரு வீடே எஞ்சும். பிழைச்செய்தி ஏதும் வாராது.

மூன்றாம் வகையினர், தன்னைத்தானே அழைக்கும் ரிகர்ஷன் முறையைக் கையாண்டு, இருபுறமும் ஒரே திறவுச்சொல் இருந்து இரு மதிப்புகளும் அகராதிகளாயின் மட்டும் உள்ளே இறங்கி, ஏனைய இடங்களில் வலப்பக்கத்தை ஏற்பர். திருத்த அகராதியை மட்டும் சுற்றிவருவதால், மாற்றமில்லாத அடையாற்றுக்குள் கால் வைக்கவே வேண்டியதில்லை. மூலம் சிதையலாகாது எனின், இறங்கும் வழியிலுள்ள அடுக்குகளை மட்டும் நகலெடுத்தல் போதும். நகர் முழுவதையும் டீப்காபி செய்தபின் ஒரு வீட்டைத் திருத்துவோர் சிக்கனம் பேசுதல் தகாது. பைத்தானின் இயல்பான அழைப்பு வரம்பு 1000 ஆகலின், பிளாக், ஃபேஸ், பிளாட் எனப் பிரிக்கும் கட்டுமான நிறுவனத்தாராலும் அதனை எட்டல் அரிது.

நான்காம் வகையினர் சென்னைவாசிகள். முரண் நேர்ந்தால் எது வெல்லும் என்னும் வினாவுக்கு மேற்கண்ட மூவரும் விடை கூற, கதவு எண் மாறியபோது இவர்கள் மட்டும் விடை கூற மறுத்து, ‘பழைய எண் 14, புதிய எண் 27’ என இரண்டையும் ஒரே சுவரில் எழுதினர். பைத்தானில் இதற்கு அண்மையது செயின்மேப். அது எதையும் இணைக்காது வரிசையில் நிறுத்தித் தேடுமெனினும், முதலில் கண்டதையே கூறுமாதலின் மேற்படிச் சுவரினும் தாழ்ந்ததே. 14/27 என்று எழுதுவதா 27/14 என்று எழுதுவதா என்பதில் உட்பிரிவு உண்டு. ரேஷன் அட்டையிற் பழையதும் கேஸ் ரசீதிற் புதியதும் வருதலே முறை என்பர் மாடவீதி இஸ்திரி வண்டியார். அதனை மறுத்து, பாண்டி பஜார்ப் புடவைக்கடைப் பையொன்றின் உட்புறத்தில் பென்சிலால் எழுதப்பெற்று மழையில் பாதி அழிந்த உரையொன்று, ‘இரண்டும் ஒருவற்கே’ என முடிக்கும். பழைய முடிவுக்குப் புதிய எண்ணிட்டு மறுபதிப்பதையே ஆராய்ச்சி எனக் கொள்ளும் பேராசிரியர்களுக்கு இவ்வுரை உவப்பானது.

திறவுச்சொல்லே மாறுமிடத்து நால்வரும் தோற்பர். மௌபரீஸ் சாலை டி.டி.கே. சாலையானதையும், எட்வர்ட் எலியட்ஸ் சாலை ராதாகிருஷ்ணன் சாலையானதையும் அறியாத நிரல், அவற்றை நான்கு தெருக்களாகவே எண்ணும். ஆகவே இணைக்குமுன் பெயர்களை ஒருமைப்படுத்துக, தி. நகருக்குப் பார்சல் அனுப்புவோர் இரண்டு எண்களையும் எழுதுக. எழுதியபின்னும் கூரியர் ஊழியர் போன் செய்து லேண்ட்மார்க் கேட்பார்.