டிசம்பர் ஞானி

ஆண்டின் பதினொரு மாதங்கள் இவர் நம்மைப் போல ஒரு சாதாரண மனிதர். அலுவலகத்தில் சிடுசிடுப்பார். சிக்னலில் பச்சை விழுவதற்கு முன்பே ஹாரன் அடிப்பார். ரசத்தில் உப்பு குறைந்தால் ஒரு வார்த்தை பேசாமல் தட்டைத் தள்ளி வைப்பார். டிசம்பர் பாதியைத் தாண்டியதும் இவருக்குள் ஏதோ நடக்கிறது. குரல் தணிகிறது, பார்வை ஜன்னலுக்கு வெளியே போகிறது. காபியை வாங்கிக்கொண்டு, "வருஷம் ஓடியே போச்சு, இல்ல?" என்கிறார். கேள்வி யாருக்கென்று வீட்டில் யாருக்கும் தெரியாது. சமையலறையிலிருந்து, "டம்ளரைத் தொட்டியில போட்டுட்டு யோசிங்க" என்று பதில் வரும்.

இவர்தான் டிசம்பர் ஞானி. ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவர் உண்டு. உங்கள் வீட்டில் யாரும் இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால், வீட்டில் மற்றவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

ஞானம் முதலில் நாட்காட்டியிலிருந்து பிறக்கிறது. ஜனவரியில் தலையணை போலத் தடித்திருந்த தினசரி காலண்டர், இப்போது பத்துப் பதினைந்து தாளோடு ஆணியில் ஊசலாடுகிறது. அதைப் பார்த்துத்தான் காலம் கழிந்ததே அவருக்குத் தெரிகிறது. சிவகாசிக்காரர்கள் ஆடிப்பெருக்கு அன்றே அடுத்த ஆண்டின் காலண்டர் ஆல்பத்தை வெளியிட்டுவிடுகிறார்கள். அவர்களுக்கு ஆகஸ்டிலேயே தெரிந்த சங்கதி நம்மவருக்கு டிசம்பர் மூன்றாம் வாரத்தில் பேரதிர்ச்சியாக வந்து சேரும்.

இரண்டாவது காரணம் விடுப்பு. தமிழக அரசு ஊழியருக்கு ஆண்டுக்கு 12 நாள் தற்செயல் விடுப்பு; மத்திய அரசு ஊழியருக்கு 8 நாள். எடுக்காமல் மிச்சம் பிடித்தது டிசம்பர் 31 நள்ளிரவோடு காற்றில் போய்விடும். 'பணம், பதவி எல்லாம் மாயை. குடும்பத்தோடு நேரம் செலவிடுவதே மெய்' என்ற தரிசனம் அவருக்குக் கிடைக்கும் வாரமும், சி.எல். காலாவதியாகும் வாரமும் ஆண்டுதோறும் ஒன்றாகவே அமைவது தற்செயல் என்றுதான் சொல்ல வேண்டும். அந்த விடுப்பின் பெயரே அதுதானே.

மூன்றாவது அறிகுறி மன்னிப்பு. 'இந்த ஆண்டில் என் சொல்லாலோ செயலாலோ, தெரிந்தோ தெரியாமலோ உங்கள் மனம் புண்பட்டிருந்தால் அடியேனை மன்னிக்கவும்' என்று தாமரைப் பூ படத்தோடு ஒரு வாட்ஸ்அப் செய்தி. அதன் தலையில், 'பலமுறை ஃபார்வர்ட் செய்யப்பட்டது' என்ற முத்திரை. அதாவது, அவருடைய மனசாட்சியின் குரல் ஏற்கெனவே ஊரெல்லாம் சுற்றிவிட்டு வந்திருக்கிறது. சாதாரணச் செய்தியை ஒரே தடவையில் ஐந்து பேருக்கு மேல் தள்ள முடியாது. இப்படிப் பலமுறை சுற்றிய செய்தியை ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் அனுப்ப முடியும். ஆனாலும் நம்மவர் சளைப்பதில்லை. பல் டாக்டருக்கு, பழைய வீட்டு புரோக்கருக்கு, தண்ணீர் கேன் போடும் பையனுக்கு, யாரென்றே நினைவில்லாத 'குமார் பெயின்ட்'டுக்கு என்று வரிசையாக மன்னிப்புக் கேட்டு முடிப்பார். அந்த ஆண்டில் அவரால் எந்தத் தொல்லையும் அனுபவிக்காத அத்தனை பேரும் அன்று அவரை மன்னித்துவிடுவார்கள்.

சொந்தத் தம்பிக்கு மட்டும் செய்தி போகாது. பூர்வீக வீட்டுப் பின்கட்டில் யார் சுவர் எழுப்புவது என்ற தகராறில், சித்திரையிலேயே அந்த எண்ணை பிளாக் செய்தாகிவிட்டது.

ஞானம் முற்றினால் சுற்றுலா. பிள்ளைகளுக்கு அரையாண்டுத் தேர்வு விடுமுறை. "குடும்பமா கொடைக்கானல் போறோம். போன் கிடையாது, டி.வி. கிடையாது. நாம நம்மளைப் பத்திப் பேசப் போறோம்" என்று அறிவிப்பார். ஆனால் உலகம் ஞானிகளுக்காகக் காத்திருப்பதில்லை. ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறந்து, திறந்த கையோடு தீர்ந்துவிட்டது. 2024 நவம்பருக்கு முன்னால் இது 120 நாள். அப்போதும் இவர் டிசம்பர் 20-ஆம் தேதிதான் விழித்துக்கொள்வார். ஆகவே கார். கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் போகும் வண்டிகளுக்கு 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேண்டும் என்பது வத்தலக்குண்டு தாண்டிய பிறகுதான் அவருக்கு நினைவுக்கு வரும். 'போன் கிடையாது' என்று சொன்ன வாயாலேயே, "யார் போன்ல டவர் இருக்கு? சீக்கிரம் பாருங்க!" என்பார். பின்சீட்டிலிருந்து ஒளித்து வைத்த நான்கு போன்கள் ஒரே நேரத்தில் வெளியே வரும்.

கோக்கர்ஸ் வாக் 1872-இல் ஓர் ஆங்கிலேய அதிகாரி மலை விளிம்பில் போட்டுவைத்த நடைபாதை. வானம் தெளிந்திருந்தால் அங்கிருந்து கீழே சமவெளி தெரியும். நம்மவர் போன அன்று எதிரில் நிற்பவரே தெரியவில்லை. அது அவருக்கு மிகவும் வசதி. பனிமூட்டத்தைப் பார்த்து, "வாழ்க்கையும் இப்படித்தான். அடுத்த அடி எங்கேன்னு..." என்று தொடங்கினார். பத்து நிமிடம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் அவர் பேசிக்கொண்டிருந்தது ஆந்திராவிலிருந்து வந்திருந்த ஒரு புதுமணத் தம்பதியிடம். குடும்பம் மிளகாய் பஜ்ஜிக் கடையில் இருந்தது.

ராத்திரிதான் உச்சம். லாட்ஜ் அறையில் எல்லோரையும் ஒரே கட்டிலில் கம்பளிக்குள் உட்கார வைத்து, அலுவலக 'அப்ரைசல்' பாணியில் கூட்டம் நடத்துவார். பொருள்: இந்த ஆண்டு நாம் ஒவ்வொருவரும் எப்படி வளர்ந்தோம்?

முதலில் அவரே பேசினார். பொறுமை வளர்ந்திருக்கிறது, பற்று குறைந்திருக்கிறது, பிறர் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்கும் பக்குவம் வந்திருக்கிறது என்று முக்கால் மணி நேரம் யாரையும் பேசவிடாமல் விளக்கினார். பிறகு மனைவியின் பக்கம் திரும்பினார்.

"நீ இந்த வருஷம் என்ன கத்துக்கிட்ட?"

"கேஸ் சிலிண்டர் மாத்தக் கத்துக்கிட்டேங்க. உங்களைக் கூப்பிட்டா 'இதோ வரேன்'னு சொல்வீங்க. அந்த 'இதோ'வுக்குள்ள குக்கர் ஆறிப்போயிடுது."

மகனைப் பார்த்தார். பிளஸ் ஒன் படிக்கும் மகன் தலையைச் சொறிந்தான். "அப்பா, நான் உயரம்தான் வளர்ந்திருக்கேன். போன வருஷ தீபாவளிக்கு எடுத்த பேன்ட் பத்தல. ஜூன்லயே சொன்னேன்."

மகளிடம் கேட்டார். "நீங்க பேசும்போது நடுநடுவுல 'ஆமாப்பா' சொல்லக் கத்துக்கிட்டேன்" என்றாள் அவள், கம்பளிக்குள் கேம் ஆடியபடியே.

கடைசியாக அம்மா. எழுபதைத் தாண்டியவர். "எனக்கென்னடா வளர்ச்சி, இருக்கிற முட்டி வலி வளர்ந்திருக்கு" என்று சிரித்துவிட்டுச் சொன்னார்: "போன்ல வாய்ஸ் மெசேஜ் அனுப்பக் கத்துக்கிட்டேன். உன் பொண்ணுதான் சொல்லிக் கொடுத்தா. சின்னவனுக்கு தினம் ஒண்ணு அனுப்புறேன். 'அண்ணன் நல்லா இருக்கானா?'ன்னு அவனும் தினம் கேக்குறான்."

கூட்டம் அத்தோடு ஒத்திவைக்கப்பட்டது. தலைவருக்குத் திடீரென்று தூக்கம் வந்துவிட்டது.

ஊர் திரும்பியதும் தீர்மானங்கள். வங்கி கொடுத்தது, இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் கொடுத்தது, நகைக்கடை கொடுத்தது என்று மேஜையில் மூன்று டைரிகள். அவற்றில் எது தடிமனோ அதில்தான் வாழ்க்கை மாறும் என்பது ஞானியின் நம்பிக்கை. பிள்ளையார் சுழி போட்டு எழுதினார். ஒன்று, காலை ஐந்து மணிக்கு எழுதல். இரண்டு, தினமும் ஒரு மணி நேரம் குடும்பத்துடன். மூன்றாவதை எழுதும்போது பேனா மக்கர் செய்தது. "இந்த வீட்ல உருப்படியா எழுதற பேனா ஒண்ணாவது இருக்கா?" என்று அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. மகள் வேறு பேனா கொண்டுவந்து கொடுத்தாள். மூன்றாவது தீர்மானம் எழுதி முடிக்கப்பட்டது: கோபம் கூடாது.

ஜனவரி 1-க்கு இவ்வளவு மகிமை வந்த கதையை நம்மவர் விசாரித்ததில்லை. கி.மு. 153 முதல் ரோமாபுரியில் கான்சல் என்னும் ஆட்சித் தலைவர்கள் பொறுப்பேற்ற நாள் அது. இங்கிலாந்துகூட 1752-இல்தான் மார்ச் 25-ஐ விட்டுவிட்டு, ஜனவரி 1-ஐச் சட்டப்படியான ஆண்டுத் தொடக்கமாக வைத்துக்கொண்டது. ஆக, ஆதியில் அது அதிகாரிகள் நாற்காலி மாறும் நாள். ஆசாமிகள் மாறும் நாள் என்று ரோமானியர்கள் யாருக்கும் உத்தரவாதம் கொடுக்கவில்லை.

தமிழனுக்கு இதில் தனிச் சலுகையும் உண்டு. 2008-இல் சட்டம் போட்டுத் தை முதல் நாளைத் தமிழ்ப் புத்தாண்டாக்கினார்கள். 2011-இல் அந்தச் சட்டத்தை ரத்துசெய்து மறுபடி சித்திரைக்கே கொண்டுபோனார்கள். டிசம்பர் ஞானி எந்தக் கட்சியும் சாராதவர். மூன்று தேதியையும் ஏற்றுக்கொள்வார். ஜனவரி 1-இல் எழுந்து ஜனவரி 4-இல் விழுந்த தீர்மானத்தைத் தை முதல் தேதி தூக்கி நிறுத்தலாம். அங்கேயும் சரிந்தால் சித்திரை இருக்கவே இருக்கிறது. திருந்துவதற்கு இத்தனை வாசல் வைத்திருக்கும் இனம் வேறு எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

இடையில் சென்னைப் புத்தகக் காட்சி வரும். 1977-இல் தொடங்கியது முதல் எத்தனையோ எழுத்தாளர்களை வாழவைத்த அந்தக் காட்சியில் அவர் இலக்கியப் பக்கம் போக மாட்டார். நேராக சுயமுன்னேற்ற அடுக்கு. அதிகாலையில் எழுவது எப்படி, கோபத்தை வெல்வது எப்படி, உறவுகளைப் பேணுவது எப்படி என்று இரண்டு பை நிறைய வாங்குவார். வீட்டில் போன ஆண்டு வாங்கிய அதே புத்தகங்கள், ரப்பர் பேண்டு கூடப் பிரிக்காமல், இவற்றை வரவேற்கும்.

பிறகு போகி. பழையன கழியும் நாள். வீட்டம்மாவின் கண் அந்த அடுக்கின் மீது போய் நிற்கும். புத்தகங்கள் எப்படியோ தப்பிவிடும். டைரிக்கு மட்டும் மறுபிறவி. ஜனவரி ஒன்பதாம் பக்கத்திலிருந்து கையெழுத்து மாறியிருக்கும்: 'பால் 2 பாக்கெட். இஸ்திரி 14 உருப்படி. கீரைக்காரம்மா பாக்கி 30 ரூபாய்.' நடந்ததை நடந்தபடி அந்த டைரி எழுதத் தொடங்குவது அந்தப் பக்கத்திலிருந்துதான்.

சிரித்துவிட்டோம். இனி அவர் பக்கம் நின்று ஒரு வார்த்தை. வருஷத்தில் பத்து நாளாவது நின்று திரும்பிப் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறதே, அந்த எண்ணத்தில் தப்பில்லை. கணக்கு முறையில்தான் கோளாறு. மார்ச் 31 கணக்குக்கு ரசீது கேட்கிறார்கள், தணிக்கைக்கு ஆள் வருகிறார், தப்பிருந்தால் அபராதம் கட்டச் சொல்கிறார்கள். டிசம்பர் 31 கணக்கில் வரவு எழுதுபவரும் அவரே, சரிபார்த்துக் கையெழுத்துப் போடுபவரும் அவரே. பொறுமை இவ்வளவு, பக்குவம் இவ்வளவு என்று வரவாகவே எழுதிக்கொண்டு போகலாம். பற்றுப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டிய கட்டாயமே இல்லை. அந்தப் பக்கம் முழுக்க வீட்டிலிருப்பவர்களின் கையெழுத்தில் இருக்கிறது. மகன் ஜூனில் கேட்ட பேன்ட்டும், ஆறிப்போன குக்கரும், சித்திரையில் நின்றுபோன தம்பியின் பேச்சும் அங்கேதான் ஏறியிருக்கின்றன.

கொடைக்கானலிலிருந்து இறங்கும்போது அவருடைய அம்மா காரில் ஒன்று சொன்னார். "உங்கப்பாவுக்கு இந்த வளர்ச்சி கிளர்ச்சியெல்லாம் தெரியாதுடா. வருஷம் முடியப்போகுதுன்னா செட்டியார் மளிகைக்குப் போவாரு, பாக்கிய அடைப்பாரு. வர்ற வழியில யாரோட மனஸ்தாபமோ, அவங்க வீட்டுத் திண்ணையில உக்காந்து ஒரு வாய் தண்ணி கேட்டுக் குடிச்சிட்டு வருவாரு. அவ்வளவுதான்."

தீர்மானம் எழுத நல்ல டைரியே அந்த மனிதருக்கு இருந்ததில்லை. ஆனால் அவர் கணக்கு ஒவ்வொரு ஆண்டும் நேராகியிருக்கிறது.

ஆகவே வாசகர்களே, இந்த டிசம்பரில் உங்கள் வீட்டு ஞானி ஜன்னலைப் பார்த்தபடி, "வருஷம் ஓடிப் போச்சு" என்று தொடங்கினால் அவரைக் கேலி செய்யாதீர்கள். 'ஆமாப்பா' சொல்லித் தப்பிக்கவும் வேண்டாம். போனை எடுத்துக் கையில் கொடுத்து, பிளாக் செய்த எண்ணை முதலில் விடுவிக்கச் சொல்லுங்கள். வளர்ச்சியைப் பற்றி ஜனவரியில் பேசிக்கொள்ளலாம். பாக்கியை டிசம்பருக்குள் அடைத்துவிட வேண்டும்.