இருபது செக்கன்

ரீவியில் சரித்திரத் தொடர் போனால் செட்டிகுளத்தில் கதாநாயகியை ஆரும் பார்ப்பதில்லை, துவக்கைத்தான் பார்ப்பார்கள். ரீ-56 எது, எல்எம்ஜி எது என்று சத்தத்திலேயே பிரித்தறிந்த சனம் இது. அதற்கு முந்தி இடியன் துவக்கோடு காட்டுக்குப் போன சனம். 1800ஆம் ஆண்டு வெள்ளைக்காரச் சிப்பாய் நின்ற நிலையில் எட்டு வெடி தீர்த்தால் ஒரு பெரியவர் கட்டாயம் கேட்பார்: "தம்பி, இவன் எப்ப மருந்து இடிச்சவன்?"

நியாயமான கேள்வி. இடியனுக்கு முதலில் மருந்து, மேலே தும்பு, பிறகு சன்னம், திரும்பவும் தும்பு, கம்பியால் இடி. அதற்குள் பன்றி அடுத்த குளக்கட்டைத் தாண்டிவிடும். வெள்ளையனின் 'பிரவுன் பெஸ்' அதன் சீமைச் சகோதரி. கடதாசித் தோட்டாவைப் பல்லால் கிழித்து, மருந்து கொட்டி, குண்டு போட்டு இடிக்க வேண்டும். நன்றாகப் பழகிய சிப்பாய்க்கே நிமிடத்துக்கு மூன்று வெடி. மழை பெய்தால் அது வெறும் பொல்லு.

1803 ஓகஸ்டில் வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டைக்குள் புகுந்தபோது அங்கிருந்த வெள்ளைக்காரக் கப்டன் டிரிபேர்க்கிடம் இருந்தது இந்தச் சாதிச் சாமான்தான். அவர் கடல்வழியாக யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தார். ஒக்ரோபர் 31இல் கற்சிலைமடுவில் எதிர்பாராமல் பாய்ந்து வன்னியனைத் தோற்கடித்தார். அந்த வெற்றிக்குக் கல் நட்டார்கள். கப்பலேறிய கதை பற்றி அந்தக் கல்லில் ஒரு சொல் இல்லை.

இதைப் படமெடுக்கிறவருக்குச் சிப்பாய் மருந்து இடிக்கும் இருபது செக்கன் பொறுக்காது. வெட்டிவிட்டுப் படபடவென்று சுட வைப்பார். பற்றைக்குள் இருந்து வாளோடு பாய்கிறவனின் சந்தர்ப்பமே அந்த இருபது செக்கன்தான். அது போனபின் வன்னியனைக் காப்பாற்ற வழியில்லை. குண்டெல்லாம் விலகிப் போகும் தெய்வ அருளை அவனுக்குக் கொடுக்க வேண்டி வருகிறது. கெட்டிக்காரனாக இருந்த மனிசன் மந்திரக்காரனாகிறான்.

வெளிநாட்டுக்காரரும் திறமில்லை. 1862இல் நடக்கிற 'த குட், த பேட் அண்ட் த அக்லி' படத்தில் கிளின்ற் ஈஸ்ற்வூட் உலோகத் தோட்டா போட்டுச் சுடுகிறார். அப்படி மாற்றிய கோல்ட் ரிவோல்வர்கள் வந்தது 1870களில்.

பெரியவரின் தீர்ப்பு சுருக்கமானது: "அப்பவே இந்தத் துவக்கு இருந்திருந்தா, காட்டில ஒரு பன்றி மிஞ்சியிருக்குமோ?"