கோச்சை மாற்றலாமா?

கேள்வி: எங்கள் கல்லூரி பாஸ்கெட்பால் அணி தோற்றுக்கொண்டே இருக்கிறது. கோச்சை மாற்றலாமா, ரெஃபரியை மாற்றலாமா?
– கல்லூரி மாணவர், நசரத்பேட்டை

பதில்: அவசரப்படாதீர்கள். 1891-ல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில், பழக்கூடையைப் பால்கனியில் மாட்டி இந்த ஆட்டத்தை உண்டாக்கியவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். பிறகு கன்சாஸ் பல்கலைக்கழக அணிக்கு முதல் கோச் ஆனார். கணக்கு என்ன தெரியுமா? 55 வெற்றி, 60 தோல்வி! அங்கே கோச்சாக இருந்தவர்களில் வெற்றியைவிடத் தோல்வி அதிகம் வைத்திருப்பவர், ஆட்டத்தைப் பெற்ற அப்பன் ஒருவர்தான். இத்தனைக்கும் சில ஆட்டங்களில் விசிலும் அவர் கையில்தான். மனுஷர் எவ்வளவு யோக்கியர் பாருங்கள்! இன்றைக்கு ரெஃபரி எதிரணியின் மாமாவாக இருந்தாலே நமக்குத் தூக்கம் வராது.

அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக் என்பவர்தான் 1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். இப்போது நந்தனத்தில் இருக்கிறதே, அதுதான். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணிக்கும் அவரே மேனேஜர். தமிழ்நாட்டுப் பி.டி. மாஸ்டர்கள் பலருக்கு அந்தக் கல்லூரிதான் தாய்வீடு.

உங்கள் கோச்சின் தோல்விக் கணக்கு 60-ஐத் தாண்டிவிட்டதா? தாண்டியதும் எழுதுங்கள், யோசிக்கலாம்.