பழம்பொருளியல்: மூலமும் உரையும்

எடைக்கடையில் வாங்கி இணையத்தில் விற்கும் தொழிலுக்குத் தமிழில் இன்னும் இலக்கணம் எழுதப்படவில்லை. காதலுக்கும் போருக்கும் இலக்கணம் கண்ட மொழிக்கு இது பெருங்குறை. அக்குறை தீர நான்கு நூற்பாக்களும் அவற்றின் உரையும் இங்கே தரப்படுகின்றன. நூலாசிரியரும் உரையாசிரியரும் ஒருவரே ஆதலால், மூலத்தில் பிழை இருப்பதாக உரை எங்கும் கூறாது.

1. தோற்றுவாய்

*ஒருவர்க்குப் பாரம் ஒருவர்க்குப் பண்டம்
இருவர் அறியாமை இடையே விளைவது
பழம்பொருள் வணிகம் என்மனார் அறிந்தோர்.*

இதன் பொருள்: ஜார்ஜ் அக்கர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளியல் அறிஞர் 1970இல் பழைய கார் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். வண்டியின் கோளாறு விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. எனவே வாங்குபவர் எதற்கும் விலையைக் குறைத்தே கேட்பார். நல்ல வண்டி வைத்திருப்பவர் ஒதுங்கிக்கொள்வார். சந்தையில் ஓட்டை வண்டிகளே மிஞ்சும் என்றார். 2001இல் நோபல் பரிசிலும் பங்கு பெற்றார். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையைச் சுற்றி வந்திருந்தால் அவர் இரண்டாம் பாகமும் எழுதியிருப்பார். தார்ப்பாய் விரித்து உட்கார்ந்திருப்பவருக்குத் தன் முன்னால் கிடப்பது யாஷிகா கேமராவின் லென்ஸா, ஸ்லைடு புரொஜெக்டரின் லென்ஸா என்பது பல நேரம் பொருட்டே இல்லை. இங்கே விற்பவரும் அறியார். இணையத்தில் வாங்கப் போகிறவரும் அறியார். இவ்விரண்டு அறியாமைக்கும் நடுவில், அரைகுறையாக அறிந்த ஒருவர் பையோடு நிற்பார். அவரே வணிகர்.

அஃது ஏமாற்றாகாதோ எனின், ஆகாது. ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம் கொடுத்து வாங்கிய தெருக்கள் நம்முடையவை. பழத்தைத் தின்றபடி பித்தளை நிலவரம் விசாரித்தவர் எவரும் இலர் என்க.

2. நிலமும் பொழுதும்

*சந்தை எடைக்கடை காலிசெய் வீடென
மூவகை நிலனே, போகியின் முன்னாள்
வாடகை முடிநாள் வெள்ளி விடியல்
முப்பொழுது என்மனார் முந்திவந் தோரே.*

இதன் பொருள்: புலவர் என்னாது ‘முந்திவந்தோர்’ என்றது, எட்டு மணிக்கு மேல் வந்தோர் கூற்று இத்துறையில் சான்றாகாமையின்.

சென்னையில் இந்நிலத்தின் தலைநகர் ஒருகாலத்தில் மூர் மார்க்கெட். 1900இல் கட்டி முடித்த அந்தச் செங்கல் கட்டடம் 1985இல் தீக்கிரையானது. இன்று வண்டி உதிரிக்குப் புதுப்பேட்டை, மின்னணுச் சாமானுக்கு ரிச்சி தெரு என நிலம் சிதறிக் கிடக்கிறது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவை நூற்பாவில் சேர்க்காதது ஏன் எனின், அங்கே கடைக்காரர்களுக்கு எல்லாம் தெரியும். ஸ்வீடன் எனாமல் தூக்குக்கும் உள்ளூர்த் தூக்குக்கும் உள்ள வேறுபாட்டை அவர்களே நமக்கு விளக்குவார்கள். அது பாடம் கேட்கும் இடம்; சரக்கு எடுக்கும் இடமன்று.

போகிக்கு முன்னாள் என்றது, மறுநாள் எரிந்துபோகும் என்ற அச்சம் வாங்குபவருக்கும், இடத்தை அடைக்கிறது என்ற எரிச்சல் விற்பவருக்கும் ஒருசேர முற்றும் நாள் அதுவாகையால்.

3. தேர்வு

*தொட்டும் தட்டியும் திருப்பியும் மோந்தும்
வேண்டா முகத்தொடு விலைகேட் டறிக.*

இதன் பொருள்: பித்தளைக்குக் காந்தம் வேண்டும், ஒட்டினால் உள்ளே இரும்பு. இசைத்தட்டை வெயிலுக்குச் சாய்த்துப் பிடித்தால் கீறல் தெரியும். லென்ஸுக்குள் டார்ச் அடித்தால் பூஞ்சை தெரியும். மிக்ஸியை மோந்தால் காயில் கருகியது தெரியும். எச்எம்டி கடிகாரத்தின் முகம் நேற்றுப் பூத்ததுபோல் பளிச்சென்றிருந்தால் ஐயுறுக: 2016இல் மூடப்பட்ட பிரிவின் கடிகாரங்களுக்குப் புதுச்சாயம் பூசிய டயல்கள் இணையத்தில் ஏராளம். செல்போன் எனில் நட்சத்திரம், ஹேஷ், 06, ஹேஷ் அழுத்தி 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை எடுத்து, அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் சரிபார்க்க. திருட்டுப் போன் வாங்கியவர்க்கு அடுத்த அதிகாரம் காவல் நிலையத்தில்.

‘வேண்டா முகம்’ என்பதே இந்நூற்பாவின் உயிர். வேண்டிய பொருளுக்கு முதலில் விலை கேட்கலாகாது. பக்கத்தில் கிடக்கும் உடைந்த டேபிள் ஃபேனிலிருந்து தொடங்குக.

“அண்ணே, இது ஓடுமா?”

“ஓடுனா நான் ஏன் தம்பி வெயில்ல உக்காந்திருக்கேன்?”

“சரி, அந்த ரேடியோ?”

“உனக்கு ரேடியோதான் வேணும்னு வரும்போதே தெரியும். எண்ணூறு.”

இவ்வாறு வேண்டா முகம் தோற்கும் இடங்களும் உள. அவை விதிவிலக்கு எனப்படும், பெரும்பான்மையும் அவையே.

4. விற்பு

*கழுவித் துடைத்துக் கதிரொளி காட்டிக்
குறையும் படமெடுத்து இடுக, பின்னர்
‘இருக்கா’ என்போர்க்கு ‘இருக்கு’என் றிருக்க.*

இதன் பொருள்: எதற்கும் வாங்க ஓர் ஆள் உண்டு என்பது இத்துறையின் அடிப்படைக் கொள்கை. 1995இல் பியர் ஒமிட்யார் தாம் தொடங்கிய ஏலத் தளத்தில் பழுதான லேசர் சுட்டி ஒன்றைப் போட்டார்; 14.83 டாலருக்குப் போனது. பழுதென்று தெரியுமா என வாங்கியவரைக் கேட்க, பழுதான லேசர் சுட்டிகளைச் சேர்ப்பதே தம் வழக்கம் என்றாராம். அத்தளமே பின்னாளில் ஈபே.

நம்மூரில் அந்த ஓர் ஆள் வந்து சேருமுன் மூவர் வருவர். முதலாமவர் “லாஸ்ட் பிரைஸ் ப்ரோ?” என்று மட்டும் கேட்டு மறைவார். இரண்டாமவர் தம்மிடம் உள்ள வேறொரு பழம்பொருளை மாற்றிக்கொள்ளச் சொல்வார். மூன்றாமவர் தம்மை ராணுவ அதிகாரி என்பார்; பேரம் பேசாமல் ஒப்புக்கொள்வார்; பணம் வந்து சேர ஒரு க்யூஆர் குறியை ஸ்கேன் செய்து ‘பின்’ எண்ணைப் போடச் சொல்வார். யுபிஐயில் பணம் பெறுவதற்கு ‘பின்’ எண் தேவையில்லை, கொடுப்பதற்கே தேவை. இத்துறையில் பேரம் பேசாத ஒருவரைக் கண்டால் அஞ்சுக.

புறனடை

நூறாண்டு கடந்த சிலை, ஓவியம், கைவினைப் பொருள் ஆகியன இந்நூலுக்குப் புறம்பு. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி அவற்றை விற்கும் தொழிலுக்கு உரிமம் வேண்டும். தனியார் எவரும் அவற்றை நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்லலாகாது. தாத்தா வீட்டு உரலுக்கு நூறு ஆகவில்லை என்று தாத்தாவே சொன்னாலும் சான்று கேட்க.

இனி இவ்வியல் நெடுங்காலம் நில்லாது என்பதையும் கூறி முடிப்பாம். தார்ப்பாய்க்காரர் கையிலும் இன்று செல்போன் இருக்கிறது. போன மாதம் நூற்றைம்பதுக்குக் கொடுத்த அதே வகை ரேடியோவுக்கு இந்த மாதம் அவர் இரண்டாயிரம் சொல்வார். ஏன் என்று கேட்டால் திரையை நீட்டி, “நெட்ல ஒருத்தன் ரெண்டாயிரத்து ஐந்நூறு போட்டிருக்கான், பாரு” என்பார். அந்த ஒருத்தன் வணிகரேதான். விளம்பரம் இட்டு நாற்பது நாளாகியும் ரேடியோ விற்கவில்லை என்பதை அவரால் அங்கே சொல்லவும் முடியாது. சொன்னால் வேண்டா முகம் கலைந்துவிடும்.