சித்தப்பாவும் வழிகாட்டி நூலும்

கேள்வி: பாரிஸில் வசிக்கும் சித்தப்பா வீட்டிற்கு முதன்முறையாகப் புறப்படுகிறேன். வழிகாட்டி நூல் வாங்குவது அவசியமா?
- ஒரு வாசகர், காரைக்கால்

பதில்: வழிகாட்டி நூல் ஏதுமின்றித் தலையாலேயே நடந்து கயிலாயம் சென்ற அம்மையார் அவதரித்த ஊரிலிருந்து இக்கேள்வி வருவது சற்று விசித்திரமே, ஆயினும், அம்மையாருக்கு விசா விண்ணப்பமோ, சுரங்க ரயிலில் மாறியேற வேண்டிய நிர்ப்பந்தமோ இருக்கவில்லையாதலால், தங்களைக் குறைகூறுவதற்கில்லை. லூவர் அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமைகளில் அடைத்திருக்கும் என்பது போன்ற விஷயங்களை, வாசலில் நின்று அறிவதினும் வீட்டில் அமர்ந்து வாசித்தறிவது சிலாக்கியமாகையால், நூலை அவசியம் வாங்குங்கள். ஆனால், 1900-ஆம் ஆண்டில் மிஷலின் சகோதரர்கள், ஜனங்கள் மோட்டாரில் ஊர் சுற்றினால் டயர் தேயும், தேய்ந்தால் புது டயர் விற்கும் என்ற தீர்க்க தரிசனத்தோடு தம் பிரசித்தி பெற்ற வழிகாட்டியை இலவசமாகவே விநியோகித்தார்கள் என்ற சரித்திரத்தை மனத்திலிருத்தி, இவ்வகை நூல்கள் ‘அவசியம் காண வேண்டியவை’ என அடுக்கும் ஸ்தலங்களில் பாதியைத் தயங்காமல் தள்ளிவிடலாம். லா ஷப்பெல் வட்டாரத்துத் தமிழ்க் கடைகளில் எங்கே முருங்கைக்காய் நயமாகக் கிடைக்கும் என்பதற்குச் சித்தப்பாவைக் கேளுங்கள். சித்தியைக் கேட்பது இன்னும் உத்தமம்.