அகராதி புடிச்ச பேரனுக்கு

ஏலே, அகராதி புடிச்ச பயன்னு ஊர்ல சொன்னா திமிரு புடிச்சவன்னு அர்த்தம். நீ என்னடான்னா நெசமாவே அகராதியைக் கையில புடிச்சுக்கிட்டு, கூட்டாளிகளைச் சேத்து, மாடியில நடுச்சாமம் வரைக்கும் கூச்சல் போட்டுக் கெடக்கிய. நானும் படியில நின்னு கேட்டேன். ஒட்டுக்கேக்கல, காத்து வாங்க நின்னேன். நம்பு.

ஆட்டம் எனக்குப் புரிஞ்சுபோச்சு. ஒருத்தன் அகராதியப் புரட்டி எவனுக்கும் தெரியாத சொல்லாப் பாத்து எடுக்கான். மத்தவனெல்லாம் ஆளுக்கொரு பொய் அர்த்தம் எழுதிக் கொடுக்கான். நெச அர்த்தத்தையும் அதுகளோட கலந்து வாசிக்கான். நெசத்தைக் கண்டுபிடிச்சா ஒரு புள்ளி, ஒம் பொய்யை எவனாவது நம்பிட்டா அதுக்கும் ஒரு புள்ளி. லண்டன் பிபிசிக்காரன் இதே சாடையில ஒரு ஆட்டத்தை 1965லயே டெலிவிசன்ல காட்டிட்டான். மூணு பேரு மூணு அர்த்தம் சொல்லுவாங்க, எது நெசம்னு எதிராளி சொல்லணும். பொறவு 1984ல கனடாவுல டொராண்டோக்காரங்க ரெண்டு பேரு ‘பால்டர்டாஷ்’னு பேரு வச்சு, பெட்டியில அடைச்சு வித்துக் காசு பாத்துட்டாங்க. நாங்க ஏரல் டீக்கடை பெஞ்சுல காலங்காலமா ஓசியில ஆடுதோம். எங்களுக்குப் புள்ளி கெடையாது, ஜெயிச்சவனுக்கு வடை.

சரி, நேத்து நீ தோத்த அழகுக்கு வருவோம். ‘கவுளி’ன்னு ஒரு சொல் வந்துது. நீ எழுதுனது என்ன? ‘பண்டைத் தமிழர் பயன்படுத்திய ஒருவகை இசைக்கருவி.’ தெரியாத சொல்லு வந்தா ஒடனே பண்டைத் தமிழன் கழுத்துல ஒரு இசைக்கருவியைத் தொங்க விட்டுருதியே, அவன் வேற வேலையே பாக்கலையா? ஒங்கூட இருந்தவன் ‘பல்லி’ன்னு எழுதுனான், எல்லாரும் சிரிச்சிய. கடைசியில ‘நூறு வெற்றிலை கொண்ட கட்டு’ன்னு வாசிச்சதும் வாயப் பொளந்திய. ஆத்தூர் கொடிக்கால் நமக்கு எட்டாத தூரமா? அந்த வெத்தலைக்கு 2023ல புவிசார் குறியீடே கொடுத்தாச்சு. பஸ்ஸுல ஏறி, ஒரு தடவ வெத்தல போட்டுத் துப்பி முடியுமுன்ன ஆத்தூர் வந்துரும். அங்க கவுளி கணக்குத் தெரியாத பிள்ள உண்டா? இன்னொண்ணும் கேட்டுக்கோ, பல்லின்னு எழுதுனவனும் தோக்கல. பல்லிக்கும் கவுளின்னுதான் பேரு. வாசிச்சவன் மொத வரியோட மூடிட்டான். நான் படியில நின்னு தொண்டையக் கனைச்சேனே, எதுக்குன்னு நெனைச்ச?

இப்ப பொய்க்கு வருவோம், அதுதான ஒனக்கு வேண்டியது. பொய் அர்த்தம் எழுதுதது கருப்பட்டியில சீனி கலக்குத மாதிரி. முழுக்கச் சீனியக் காச்சிக் கொட்டாங்கச்சியில ஊத்துனா ஒடன்குடிக்காரன் பாத்த ஒடனே தூக்கி எறிஞ்சிருவான். பதனி முக்காவாசி இருக்கணும், சீனி கால்வாசி. ‘வள்ளத்தின் பக்கப்பலகை’, ‘உப்பளத்தில் கூலி அளக்கும் மரப்பெட்டி’ன்னு எழுது. ஊர் இருக்கணும், கை படுத பொருள் இருக்கணும், அளவு ஒண்ணு இருந்தா இன்னும் நல்லது. ‘ஒருவகை’ன்னு மட்டும் எழுதிராத. எழுதுனவனுக்கு ஒண்ணும் தெரியலைங்கறதுக்கு அத மிஞ்சுன சாட்சி வேண்டாம்.

கூடவே வாயக் கட்டு. அகராதிக்காரன் சொல்லுக்குக் கஞ்சன். சென்னைப் பல்கலைக்கழகத்துக்காரங்க 1913ல தமிழ்ப் பேரகராதி வேலையைத் தொடங்கி, 1924ல இருந்து 1936 வரைக்கும் ஆறு தொகுதி போட்டு, அதுவும் பத்தாதுன்னு 1939ல அனுபந்தம் ஒண்ணு போட்டாங்க. கடைசி வரைக்கும் பதிப்பாசிரியரா இருந்து முடிச்சவரு நம்ம திருநெல்வேலிச் சீமை வையாபுரிப்பிள்ளை. லட்சத்துக்கு மேல சொல் கெடக்கு, ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு மூணு வார்த்தைதான். நீ எழுதுததோ கல்யாணப் பத்திரிகை நீளத்துக்குப் போவுது. நீளமா எழுதுதவன் மாட்டிக்கிடுவான், இது கோர்ட்டுக்கும் பொருந்தும்.

நம்ம பக்கம் அகராதிக்கு அந்நியமான பூமியும் இல்ல, கேட்டியா. இத்தாலியில இருந்து வந்த வீரமாமுனிவர் காமநாயக்கன்பட்டியில இருந்தவருதான். 1732ல பெயர், பொருள், தொகை, தொடைன்னு நாலு பிரிவாச் சதுரகராதி போட்டாரு. அதுக்கு முன்னால நிகண்டு. நிகண்டு பூராவும் பாட்டு, பிள்ளைக மனப்பாடம் பண்ணிரும். மனப்பாடம் பண்ணுனவன் கிட்ட ஒங்க ஆட்டம் நடக்குமால?

நெச அர்த்தத்தை வாசிக்கதுலயும் ஒரு தந்திரம் இருக்கு. பொய்யை நம்ப வைக்கிறதுக்கு ஒரு தெறமைன்னா, நெசத்தை நம்ப விடாமப் பண்ணுததுக்கு ஒம்பது தெறமை. அதுக்கு நம்ம கடக்கரை மாதிரி எடம் ஒலகத்துல இல்ல. ‘கடல்கட்டி’ன்னு ஒரு சொல்லைப் போடு. ஒருத்தன் பவளப்பாறைம்பான், ஒருத்தன் உப்புக்கட்டிம்பான், நீ வழக்கம்போல இசைக்கருவிம்ப. நெச அர்த்தம் என்ன தெரியுமா? முத்துச் சலாபத்துல, குளிக்கப் போறவனைச் சுறா கடிக்காம மந்திரத்தால அது வாயைக் கட்டுத ஆளு. அவன் வராம ஒருத்தனும் கடல்ல முங்க மாட்டான். பதிமூணாம் நூற்றாண்டுக் கடைசியில வந்த மார்க்கோ போலோ இந்த ஆளுகளைப் பத்தி எழுதி வச்சிருக்கான். எடுக்குத முத்துல இருபதுல ஒரு பங்கு அவுகளுக்காம். மந்திரம் பகலுக்கு மட்டுந்தானாம், பொழுது சாஞ்சா அவுத்து விட்டுருவாகளாம். ஏன்னா ராத்திரி எவனாவது திருட்டுத்தனமா முங்கி முத்தெடுத்துருவான்ல! சுறாவை வச்சே காவக்காத்த மூளை அது. வெள்ளைக்காரன் துரைத்தனம் நடந்த காலத்துலயும் கடல்கட்டிக்குப் பங்கு உண்டு. மந்திரத்தை நம்புனானோ இல்லையோ, ஆள் முங்கணுமே, கஜானா நெறையணுமே. தூத்துக்குடியில 1961க்குப் பொறவு சலாபமே நடக்கல, கடல்கட்டியும் போயிட்டான். இதை நீ அகராதி நடையில வாசிச்சா ஒருத்தன் நம்புவானா? அத்தனை ஓட்டும் உப்புக்கட்டிக்குத்தான் விழும்.

நெசத்தை எவனும் நம்ப மாட்டாங்கறதுக்கு இன்னொரு சாட்சி கேளு. 2023 மார்கழியில காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழைன்னு சென்னையில இருக்க ஒங்க சித்தப்பாக்கிட்ட போன்ல சொன்னேன். ‘பெரியப்பா, புள்ளியைத் தள்ளி வச்சுச் சொல்லுதீங்க, ஒம்பதரையா இருக்கும்’னான். ஆறு ஏரலுக்குள்ள ஏறி, பாலமும் பிச்சுக்கிட்டுப் போன பொறவு டிவியில பாத்துட்டுத்தான் வாய மூடுனான். ஒங்க ஆட்டத்துல இருந்தா அவன் அன்னைக்குச் சைபரு.

ஆனா எல்லாத்துக்கும் மேல ஒரு சொல் வச்சிருக்கேன். அதை வெளியூர்க்காரன் இருக்க அன்னைக்குத்தான் எடுக்கணும். ‘சேர்ம’. அம்புட்டுதான், ரெண்டரை எழுத்து. வேதியியல் படிக்கவன் ‘தனிமங்கள் சேர்ந்தது சேர்மம்’னு பாடப்புத்தகத்தைக் கக்குவான். அரசியல் பேசுதவன் நகராட்சித் தலைவரைக் கொண்டாருவான். நம்ம ஊர்ப் பிள்ள ஒண்ணு அங்க இருந்தா ஒண்ணும் எழுதாது, கன்னத்துல போட்டுக்கிடும். ஏரல்ல சேர்மன்னா சாமி. அருணாசலம்னு ஒருத்தர், 1906ல இந்த ஊருக்குச் சேர்மனா வந்து, 1908ல ஆடி அமாவாசை அன்னைக்கு இருபத்தெட்டு வயசுல அடங்கினவரு. தாமிரபரணிக் கரையில கோயில். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் ஆத்துல தண்ணி இருக்கோ இல்லையோ, மணல் தெரியாம சனம் இருக்கும். பதவிக்காலம் முடிஞ்சாலும் நாற்காலிய விட மாட்டேங்கிற ஆளுகளப் பாத்திருப்ப. நூறு வருசத்துக்கு மேலாச்சு, சனங்க எறங்க விடாத சேர்மன் இவரு ஒருத்தருதான்.

அதோட நின்னுதா? அந்த இங்கிலீசுச் சொல்லுல வாலைக் கிள்ளிட்டு, பிள்ளைகளுக்கு முன்னால ஒட்ட வச்சாச்சு. சேர்மதுரை, சேர்மக்கனி, சேர்மராஜ், சேர்மசெல்வி. இந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துல வருகைப் பதிவேட்டைத் திறந்தா வரிசையா நிக்கும். வடக்க இருந்து வந்த வாத்தியாரு எவனாவது எதுகை மோனை பாத்து ‘சேரமான்’ல இருந்து வந்ததுன்னு ஆராய்ச்சிக் கட்டுரை எழுதியிருப்பான், எனக்கு அதுல சந்தேகமே இல்ல.

‘இது அகராதியில இல்லையே தாத்தா, செல்லாதே’ன்னு சட்டம் பேசாத. அகராதியில இல்லாத சொல்லுக்காகவே அகராதி போட்டவரு இடைசெவல் கி.ராஜநாராயணன். கோவில்பட்டிக்குப் பக்கத்துல சம்சாரியா இருந்துக்கிட்டு, 1982ல வட்டார வழக்குச் சொல்லகராதியக் கொண்டாந்தாரு. கரிசலுக்கு ஒரு ஆள் வாச்சுது. தேரிக்காட்டுக்கு வாச்சுதா? விடிலின்னா என்னன்னு நீ சொல்லு பாப்பம். ‘ஒருவகை’ன்னு ஆரம்பிச்ச, செவுளப் பேத்துருவேன். பதனியக் காச்சிக் கருப்பட்டி எடுக்குத ஓலைக்குடிசை அது. உள்ள போனா பொகையில கண்ணு எரியும், வாய் மட்டும் தித்திக்கும். கடிப்புன்னா? பாளையை நசுக்குத மரக்கிட்டி. பனையேறி இடுப்புல அருவாப்பெட்டியோட தொங்கும். பாளையை அவன் பைய இறுக்கி விடுவான். கொஞ்சம் கூட இறுக்குனா பாளை வெந்து போவும், கொறச்சா பதனி வராது. இது எத்தனை பேருக்குத் தெரியும்? ஆட்டத்துக்கு நல்ல சொல்லு, ஆனா உள்ளூர்க்காரனுக்கே தெரியாமப் போனதால நல்ல சொல்லு. இதுல நான் சிரிக்கவா என்ன செய்யன்னு எனக்கே தெரியல.

அகராதியில இருக்கதெல்லாம் வேதவாக்குன்னும் நெனைச்சுராத. அமெரிக்காவுல வெப்ஸ்டர் அகராதி, 1934 பதிப்பு. பெரிய ‘டி’ அல்லது சின்ன ‘டி’ன்னா அடர்த்திக்குச் சுருக்கம்னு ஒரு சீட்டுல எழுதியிருக்கான். நடுவுல இருந்த ‘அல்லது’வையும் சேத்து ஒரே சொல்லா ஒட்டி, ‘டோர்டு’ன்னா அடர்த்தின்னு அச்சடிச்சுட்டான். 1939லதான் ஒருத்தன் முழிச்சுப் பாத்து, இந்தச் சொல்லுக்கு அப்பன் ஆத்தா யாருமே இல்லையேன்னு கண்டுபிடிச்சான். அது வரைக்கும் அவன் புத்தகத்துக்குள்ளயே ஒங்க ஆட்டம் நடந்திருக்கு.

சிலோன் சிநேகிதன் ஒருத்தன் வாரானாமே, அவன் கிட்ட ‘கச்சான்’ போடாத. நம்ம கடக்கரையில அது மேகாத்து, அவனுக்கு அது வேர்க்கடலை. ரெண்டும் நெசம். விடிய விடியச் சண்டைதான் மிஞ்சும்.

‘போர்க்கால அடிப்படையில்’னும் ஒண்ணு இருக்கு. வெள்ளம் வடிஞ்ச அன்னைக்கு இருந்து கேட்டுக்கிட்டிருக்கோம். அதுக்கு நெச அர்த்தம் எழுதுதவனுக்கு என் பேருல இருக்க பனைவிளையை எழுதி வைக்கேன்.

ராத்திரி நானும் மாடிக்கு வாரேன். கண்ணாடி போட்டாலும் சின்ன எழுத்துத் தெரியாது, அதனால எழுத மாட்டேன். வாசிக்கிறது நாந்தான், தீர்ப்பும் நாந்தான். மொதச் சொல்லு ‘புறம்போக்கு’. வேளாண்மைக்கும் தனியாள் பட்டாவுக்கும் வராம, சர்க்கார் கணக்குல ஒதுக்கி வச்ச நெலம். அவ்வளவுதான் அர்த்தம், ஒரு குத்தமும் இல்லாத சொல்லு. இதை ஒங்க அப்பன் கிட்ட மட்டும் சொல்லிராத. சின்னப் பிள்ளையில இருந்து நான் கூப்பிடுததை அவன் வேற அர்த்தத்துல எடுத்துக்கிட்டு, அதுக்குப் பயந்துதான் ஒழுங்கா இருக்கான்.