பீன்யாவில் மெஷின், கட்டிலில் முதலாளி

பெங்களூரில் பட்டறை பீன்யாவில், வீடு ஜெயநகரில். இரண்டையும் இணைத்து 2017 முதல் பச்சைத் தட மெட்ரோ நேராகவே ஓடுகிறது. ஏறிவிடாதீர்கள், மெஷின் முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிடும். சென்சார் மாட்டுங்கள், கைபேசியில் பாருங்கள். வழிமுறை கீழே. பாதி உங்களுக்கே பழக்கம்தான்.

1. இம்டெக்ஸ் கண்காட்சிக்குப் போய், எந்த ஸ்டாலில் திரை பெரிதோ அங்கே வாங்குங்கள். ஆபரேட்டரைக் கூட்டிப் போகாதீர்கள். "கூலன்ட் பம்பை எப்ப சார் மாத்துவீங்க?" என்று மானத்தை வாங்குவார்.

2. ஓஇஇ என்ற எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள். மெஷின் ஓடிய நேரம், ஓடிய வேகம், தேறிய ஜாப், மூன்று சதவீதங்களையும் பெருக்க வேண்டும். 90, 95, 99.9 என்றால் 85 சொச்சம். ஜப்பானியர் செய்யிச்சி நகாஜிமா வைத்த அளவுகோல் அது. உங்களுக்கு 41 காட்டும். பதறாதீர்கள். 80 விநாடியில் முடியும் ஜாபுக்கு சைக்கிள் டைம் 120 என்று பதிந்துவிடுங்கள். வேகம் 150 சதவீதம்! நகாஜிமாவுக்கே எட்டாத உயரம்.

3. மெஷின் நின்ற காரணத்தை ஆபரேட்டரே அழுத்தட்டும். இருபத்து நான்கு பட்டன் வையுங்கள், முதல் பட்டன் 'இதர'. மாதக் கடைசியில் பட்டறையின் பெரிய நோய் 'இதர' என்று தெரியவரும். அதற்கு ஒரு கமிட்டி போடுங்கள்.

4. இரவு இரண்டு மணிக்குச் சிவப்பு எரிந்தால் உடனே போன் போடுங்கள். இன்சர்ட் மாற்றிக்கொண்டிருப்பவர் கையுறையைக் கழற்றி, எண்ணெய்க் கையைத் துடைத்து எடுப்பார். "மெஷின் யாகே நிந்திதே?" என்று கன்னடத்தில் அதட்டுங்கள்; புரியாவிட்டால் தமிழில், பிறகு இந்தியில். மூன்று நிமிட வேலை பத்து நிமிடமாகும். அந்தப் பத்துக்கும் விளக்கம் கேளுங்கள்.

5. பச்சை விளக்குக்குப் போனஸ் அறிவியுங்கள். மறுநாளே எல்லா மெஷினும் பச்சை. சக்கில் ஜாப் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கப் போகாதீர்கள். உங்கள் ஆட்கள் காற்றைக் கடைசல் பிடித்துக்கொண்டிருப்பார்கள்.

6. ரூட்டருக்கு யூபிஎஸ் வேண்டாம். மின்சாரம் போனாலும் திரையில் கடைசிப் பச்சை அப்படியே நிற்கும். நிம்மதியாகத் தூங்கலாம்.

7. ஆயுத பூஜை விடுமுறையை மென்பொருளில் பதியாதீர்கள். பட்டறை முழுக்கச் சிவப்பு காட்டும். பொரித் தட்டும் கையுமாக நிற்கும் சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, எழுத்தில் பதில் கேளுங்கள்.